பாதி மூடிய டப்பா

அந்தப் பையன் சாப்பிடும்போது டப்பாவின் மூடியை முழுசாகத் திறக்க மாட்டான். இடது கையால் மூடியைச் சாய்த்துப் பிடித்துக்கொள்வான். வலது கையை உள்ளே விட்டு ஒரு துண்டு எடுத்து, சட்டென்று வாயில் போட்டுக்கொள்வான். பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவே தெரியாது.

2022 அக்டோபர். அவனுக்கு எட்டு வயது, இயர் 4 படித்தான். வடமேற்கு லண்டனில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் மதிய நேர மேற்பார்வை வேலை பார்க்கிறேன். பேச்சு வழக்கில் எங்களை ‘டின்னர் லேடி’ என்பார்கள். மேசை துடைப்பது, சின்னப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கை வெட்டிக் கொடுப்பது, தயிர் மூடியைப் பிரித்துத் தருவது, யாருக்கு எந்த உணவு ஒவ்வாது என்று நினைவில் வைத்துக்கொள்வது. தினமும் ஒன்றே கால் மணி நேரம். பிள்ளைகள் எல்லோருக்கும் நான் ‘மிஸ்’.

மூடிக்குள் பெரும்பாலும் வெண்ணெய்போல ஏதோ தடவிய இரண்டு வெள்ளை ரொட்டித் துண்டுகள் இருக்கும். சில நாள் ஒரு பாக்கெட் கிரிஸ்ப்ஸ், அதாவது மெல்லிய உருளைக்கிழங்கு வறுவல், மட்டும். ஒரு வியாழக்கிழமை நான் அவன் பின்னால் மேசை துடைத்துக்கொண்டே போனபோது பார்த்தேன், டப்பாவில் ஒன்றுமே இல்லை. அவன் கையை உள்ளே விட்டு எடுத்தான், வாயருகே கொண்டுபோனான், மென்றான். வெறும் வாயை மென்றான்.

“சாப்பாடு எங்கேப்பா?”

“பசிக்கல, மிஸ்.”

அன்றைக்கு வகுப்பாசிரியரிடம் சொல்லி, சமையலறையிலிருந்து ஒரு வேகவைத்த உருளைக்கிழங்கும் பீன்ஸும் வாங்கிக் கொடுத்தோம். சாப்பிட்டு முடிக்க அவனுக்கு நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. வீட்டுக்குப் போய் நான் என் சோற்றுத் தட்டின் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பையன் ஒல்லி இல்லை. கன்னம் உப்பிய, கொழுகொழுவென்ற பையன். அதனால்தான் எனக்கு அவ்வளவு நாள் பிடிபடவில்லை. எங்கள் ஊரில் ‘சவலை’ என்று ஒரு சொல் உண்டு. அடுத்த குழந்தை வயிற்றில் வந்துவிட, தாய்ப்பால் நின்றுபோய் மெலிந்துவிடுகிற பிள்ளை சவலைப் பிள்ளை. குச்சிக் கை கால், முன்தள்ளிய வயிறு, செம்பட்டை முடி. என் ஆச்சி தெருவில் போகிற பிள்ளையைப் பார்த்தே ‘அது சவலை’ என்று சொல்லிவிடுவாள். அந்தக் கண்தான் எனக்கும். லண்டனில் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பார்த்தால் பசித்த பிள்ளை ஒன்றுகூடத் தெரியாது.

பணக்கார நாட்டில் ஊட்டச்சத்துக் குறைவு பெரும்பாலும் சதைக்குள் ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2006 முதல் பள்ளியில் சேரும்போது ஒருமுறை, பத்து பதினொரு வயதில் ஒருமுறை என்று பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் அளக்கிறார்கள். 2022-23 கணக்கில் மிக வறிய பகுதிகளில் பத்து பதினொரு வயதுப் பிள்ளைகளில் 30.2 சதவீதம் பேருக்கு உடல் பருமன். மிக வசதியான பகுதிகளில் 13.1 சதவீதம். வறுமை இருக்கிற இடத்தில் பிள்ளைகள் பருத்திருக்கிறார்கள். ஊரில் இருக்கும் என் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, “அப்போ நல்லாத்தானே சாப்பிடுதுங்க?” என்றார். வயிறு நிறைய மாவும் சர்க்கரையும் எண்ணெயும் போகின்றன. இரும்பு, கால்சியம், துத்தநாகம், வைட்டமின் இதெல்லாம் போவதில்லை. அதே பிள்ளைக்கு இரத்தச் சோகை இருக்கலாம், பல் சொத்தையாகியிருக்கலாம். இங்கிலாந்தில் ஐந்திலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கு முதல் காரணம் பல் சொத்தை. மயக்க மருந்து கொடுத்துப் பல்லைப் பிடுங்குவதற்காக.

பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் 2019இல் ஒரு இளைஞனைப் பற்றி எழுதினார்கள். தொடக்கப் பள்ளிக் காலத்திலிருந்து சிப்ஸ் (இங்கே அது நீளமாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு), கிரிஸ்ப்ஸ், வெள்ளை ரொட்டி, கொஞ்சம் பதப்படுத்திய இறைச்சி, இவ்வளவுதான் அவன் சாப்பாடு. பதினேழு வயதுக்குள் பார்வை போய்விட்டது. அவன் உயரமும் எடையும் சரியாகவே இருந்தன. அவனுடையது வறுமை இல்லை, வேறு உணவுகளைத் தொடவே முடியாத ஒரு மனநிலைக் கோளாறு. ஆனாலும் அதைப் படித்ததிலிருந்து, எடைக் கருவி காட்டுகிற எண்ணை நான் முழுசாக நம்புவதில்லை.

என் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது. என் மகள் பிறந்தது 2010இல். ஒன்றரை வயதில் அவள் நடந்தபோது இரண்டு முழங்காலும் வெளிப்பக்கம் வளைந்து, கால்களுக்கு நடுவே ஒரு பந்து போகும்போல இருந்தது. மணிக்கட்டு தடித்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகக் குறைவு. மருத்துவர் ‘ரிக்கெட்ஸ்’ என்றார், எலும்பு வலுவிழந்து வளைகிற நோய். நெய்யும் பருப்பும் பிசைந்து, கேரட் மசித்து, வேளாவேளைக்கு ஊட்டி வளர்த்த பிள்ளை! அந்த அறையில் நான் அழுதேன். ஊரிலிருந்து மாமியார் போனில், “காலை இளவெயில்ல பிள்ளையைக் காட்டுறியா, இல்லையா?” என்று கேட்டார். காட்டினேன் அத்தை. டிசம்பரில், ஜன்னலோரம், கம்பளிக்குள் வைத்துக் காட்டினேன்.

அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை லண்டனில் சூரியன் தாழ்ந்தே இருக்கிறது. தோலில் வைட்டமின் டி உண்டாக்குகிற கதிர் அந்த மாதங்களில் போதுமான அளவு தரைக்கு வந்து சேர்வதில்லை. நம் நிறத் தோலுக்கு வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடியோ அந்தக் கதிரைத் தடுத்துவிடும். சாப்பாட்டில் கிடைப்பது கொஞ்சம்தான். இந்த நாட்டுக்கு இது புதிய கதையும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இந்த நோய்க்கே ‘ஆங்கில நோய்’ என்று பெயர். 1919இல் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளை வைத்துச் சோதித்து, மீன் எண்ணெயில் இதைத் தடுக்கிற சத்து இருப்பதைக் காட்டினார். 1960களில் கிளாஸ்கோவில் குடியேறிய இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் அது மறுபடி தலைகாட்டியது. அத்தனை பழைய விஷயம். இருந்தும் சொட்டு மருந்தைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லவில்லை. இன்றைய அரசு அறிவுரை தெளிவாகவே இருக்கிறது: ஒன்றிலிருந்து நான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டு முழுதும் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி. கருத்த தோல்காரர்கள் பெரியவர்களானாலும் ஆண்டு முழுதும் எடுத்துக்கொள்வது நல்லது. இதைப் படிக்கிற யாராவது குளிர் நாட்டில் கைக்குழந்தையோடு இருந்தால், தயவுசெய்து உங்கள் மருத்துவரிடம் இன்றைக்கே கேளுங்கள். என் மகளுக்கு மருந்து கொடுத்துக் கால் நேராகிவிட்டது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆவதில்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, ‘இந்த அம்மாக்களுக்குச் சமைக்கத் தெரியவில்லை’ என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. ஊழியர் அறையில் அந்தப் பேச்சு அடிக்கடி வரும். கணக்கைப் பாருங்கள். பிரிட்டனில் சத்துள்ள உணவு, அதே கலோரி தரும் சத்தில்லாத உணவைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை. அரசாங்கமே பரிந்துரைக்கிற உணவை வாங்கிச் சாப்பிட வேண்டுமென்றால், மிக ஏழைகளான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்கள் கையில் நிற்கிற வருமானத்தில் பாதியைச் செலவழிக்க வேண்டியிருக்கும் என்று ஃபுட் ஃபவுண்டேஷன் அமைப்பின் 2023ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. வசதியான ஐந்தில் ஒரு பங்குக்கு அது 11 சதவீதம். இதில் மின்சார மீட்டருக்கு முன்பணம் போட்டு அடுப்பு எரிக்கிற வீடுகள் உண்டு. காசு தீர்ந்தால் அடுப்பு அணைந்துவிடும். அந்த வீட்டில் இரண்டு மணி நேரம் பருப்பு வேகவைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளை சாப்பிடாமல் தூக்கி எறிந்துவிட்டால் மறுபடி வாங்கக் காசில்லாத அம்மா, பிள்ளை நிச்சயமாகச் சாப்பிடும் என்று தெரிந்ததைத்தான் வாங்குவாள். கிரிஸ்ப்ஸ் பாக்கெட் அப்படித்தான் டப்பாவுக்குள் வருகிறது.

டிரஸல் அமைப்பின் ஃபுட் பேங்குகள் (இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் தரும் மையங்கள்) மட்டும் 2023-24இல் 31 லட்சம் உணவுப் பொட்டலங்கள் கொடுத்தன. அதில் 11 லட்சத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு. உலகின் ஆறாவது பெரிய பொருளாதாரத்தில்.

சரி, அந்தப் பையனிடம் வருகிறேன். அவனைப் புரிந்துகொள்ள நான் பழைய கதை கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது.

1899-1902இல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போருக்கு ஆள் எடுத்தபோது நகரத்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக உடல் தகுதியில் தோற்றார்கள். பேரரசு பயந்துபோனது. 1906இல் பள்ளியில் சாப்பாடு போடலாம் என்று உள்ளாட்சிகளுக்கு அனுமதி தரும் சட்டம் வந்தது. ‘போடலாம்’தான், ‘போட வேண்டும்’ இல்லை. பிராட்ஃபோர்டு நகரம் முந்திக்கொண்டது. 1907இல் அங்கே பள்ளி மருத்துவராக இருந்த ரால்ஃப் கிரௌலி, மிக வறிய வீட்டுப் பிள்ளைகள் 40 பேரைத் தேர்ந்தெடுத்து, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் மதியம் சாப்பாடும் போட்டு, வாராவாரம் எடை பார்த்தார். மேசைக்குத் துணி விரித்துப் பூ வைத்துப் பரிமாறினார்களாம். எனக்கு அந்தப் பூ ரொம்பப் பிடித்துப்போனது. பிள்ளைகளின் எடை ஏறியது. நடுவில் ஒரு பண்டிகை விடுமுறை வந்தது. எடை இறங்கியது. பள்ளி திறந்ததும் மறுபடி ஏறியது.

விடுமுறையில் பிள்ளைகள் மெலிகிறார்கள் என்று 1907லேயே எடை போட்டுத் தெரிந்துகொண்டாயிற்று. 113 ஆண்டுகள் கழித்து, 2020 ஜூனில், மார்கஸ் ராஷ்ஃபோர்டு என்ற 22 வயதுக் கால்பந்து வீரர், கோடை விடுமுறையிலும் சாப்பாட்டுக் கூப்பன் கொடுங்கள் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இலவசச் சாப்பாட்டையும் ஃபுட் பேங்கையும் நம்பி வளர்ந்தவர் அவர். மறுநாளே அரசு பணிந்தது. அக்டோபரில் அடுத்த விடுமுறைகளுக்கு அதே கோரிக்கை ஓட்டெடுப்புக்கு வந்தபோது 322க்கு 261 என்று தோற்கடித்தார்கள். சில வாரத்தில் மறுபடி பணிந்தார்கள்.

இந்த நாடு பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் சோறு போட்ட காலம் ஒன்று உண்டு. அது போர்க்காலம். 1936இல் ஜான் பாய்ட் ஆர், நாட்டு மக்களில் பாதிப் பேருடைய உணவு முழு ஆரோக்கியத்துக்குப் போதாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதற்கு முன்பே ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் பால் கொடுத்துப் பார்த்து, பால் குடித்த பிள்ளைகள் கூடுதலாக வளர்வதை நிரூபித்தவர் அவர். பிற்பாடு ஐநா உணவு வேளாண்மை அமைப்பின் முதல் தலைமை இயக்குநர், 1949இல் நோபல் அமைதிப் பரிசு. குண்டு விழுந்துகொண்டிருந்த 1940இல் ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தினம் ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், பால் வந்தது. வாங்க முடியாதவர்களுக்கு இலவசம். பிறகு ஆரஞ்சுச் சாறும் மீன் எண்ணெயும். பங்கீட்டு அட்டையோடு வாழ்ந்த அந்த வருஷங்களில் குழந்தை இறப்பு குறைந்தது. 1944இல் பள்ளிச் சாப்பாடு கடமையானது, 1946இல் பள்ளிப் பால் எல்லோருக்கும் இலவசமானது.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். 1968இல் மேல்நிலைப் பிள்ளைகளின் பால் போனது. 1971இல் மார்கரெட் தாட்சர் கல்வி அமைச்சராக இருந்தபோது ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களின் பால் போனது. 1980இல் சாப்பாடு போடும் கடமையும் சத்து அளவுகளும் சேர்ந்தே போயின. இலவசச் சாப்பாட்டுக்குத் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் போட்டால் போதும் என்று ஆனது. அடுத்த கால் நூற்றாண்டில் பள்ளித் தட்டில் என்ன விழுந்தது என்பதை 2005இல் சமையல்காரர் ஜேமி ஆலிவர் தொலைக்காட்சியில் காட்டிய பிறகுதான் கண்டிப்பான சத்து அளவுகள் வந்தன. பின்லாந்து 1943இல் எல்லாப் பள்ளிப் பிள்ளைக்கும் இலவசச் சாப்பாடு என்று சட்டம் போட்டது. 1948இலிருந்து நாடு முழுதும் போடுகிறார்கள், இன்றுவரை நிறுத்தவில்லை. போரில் நொறுங்கிப்போன நாடு அது.

இப்போது அந்தப் பையனின் பள்ளி வாழ்க்கையை இதோடு வைத்துப் பாருங்கள். 2018இல் ரிசப்ஷனில், அதாவது இயர் 1க்கு முந்தைய வகுப்பில், சேர்ந்தான். இங்கிலாந்தில் 2014இலிருந்து முதல் மூன்று வகுப்புகளுக்கு எல்லோருக்கும் மதியச் சாப்பாடு இலவசம். அதனால் ஏழு வயது வரை தட்டில் சாப்பிட்டான். 2021 செப்டம்பரில் இயர் 3. இலவசம் நின்றது. டப்பா வந்தது, அந்தப் பாதி மூடிய டப்பா. இரண்டு வருஷம். 2023 செப்டம்பரில் லண்டன் மேயர் சாதிக் கான் நகரத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எல்லோருக்கும் இலவசம் என்று தொடங்கிவைத்தார். அப்போது அவன் இயர் 5. ஒரே பிள்ளை, ஒரே வீடு, அம்மாவுக்கு அதே வேலை. சட்டம் மாற மாற அவன் சாப்பாடும் மாறிக்கொண்டே இருந்தது.

அந்த 2023 செப்டம்பர் முதல் திங்கட்கிழமையை நான் மறக்க மாட்டேன். வரிசையில் எல்லோர் கையிலும் தட்டு. கோழி, சோறு, பட்டாணி, ஒரு ஆரஞ்சுத் துண்டு. அவன் என் முன்னால் வந்து நின்று, “மிஸ், இது எல்லாருக்குமா?” என்று கேட்டான். எல்லோருக்கும்தான் என்றேன். நண்பர்கள் நடுவே போய் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் சாப்பிட்டான். ஒரு கை மூடியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய தேவை இல்லை.

எனக்கு அது பழகிய காட்சி. எம்ஜிஆர் 1982இல் விரிவாக்கிய சத்துணவைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். வீட்டிலிருந்து தட்டு கொண்டுபோய் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்காருவோம். எல்லோர் தட்டிலும் அதே சோறு, அதே சாம்பார். ஆயா யாரையும் எதுவும் கேட்டதில்லை. கேள்வி கேட்காமல் போடுகிற சோற்றைத்தான் பிள்ளை நிமிர்ந்து சாப்பிடும் என்று நான் நினைக்கிறேன். தகுதி பார்த்துப் போட்டால், அந்தத் தகுதியே பிள்ளையின் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. கிழக்கு லண்டனில் நியூஹாமில் 2009 முதல் 2011 வரை எல்லாத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கும் இலவசமாகப் போட்டு ஆய்வு செய்தார்கள். பிள்ளைகள் படிப்பில் 4 முதல் 8 வாரம் முன்னேறியிருந்தார்கள்.

அவன் அம்மாவோடு எனக்குப் பழக்கமானது அந்த வருஷம்தான். கானா நாட்டுக்காரர், அக்ரா பக்கம். முதியோர் இல்லத்தில் வேலை. என்னை ‘சிஸ்டர்’ என்பார், நானும் அப்படியே. ஒரு நாள் பள்ளி வாசலில் சவலை என்ற சொல்லின் அர்த்தத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. “அது எங்கள் சொல், சிஸ்டர்” என்றார். அவர்களுடைய கா மொழியில் ‘க்வாஷியோர்கோர்’ என்றால், அடுத்த குழந்தை வந்ததும் மூத்ததைப் பிடிக்கிற நோய். 1930களில் அங்கே வேலை பார்த்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தாய்மார்கள் சொன்ன அந்தச் சொல்லை அப்படியே மருத்துவ இதழில் எழுதினார். இன்றைக்கு உலகம் முழுதும் மருத்துவ மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். இரண்டு ஊர் அம்மாக்களும் ஒன்றையே கண்டு ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள். லண்டனில் இருக்கிற இந்தப் பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2025 ஜூலையில் பையன் எங்கள் பள்ளியை முடித்தான். செப்டம்பரில் மேல்நிலைப் பள்ளி. மேயரின் சாப்பாடு தொடக்கப் பள்ளியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் இலவசம் வேண்டுமென்றால், யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிற குடும்பத்தின் சம்பாத்தியம், வரி போக, ஆண்டுக்கு 7,400 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது அப்போதைய விதி. 2018இல் வைத்த எல்லை. 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. அதாவது வாரத்துக்கு 12 மணி நேரம் வேலை செய்தாலே தாண்டிவிடும். அவன் அம்மா செய்வது 24 மணி நேரம்.

அக்டோபரில் அவனைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். உயரமாகியிருந்தான். பள்ளியில் மதியம் கியூ பெரிது, அதனால் சாப்பிடுவதில்லை என்றான். கையில் சிக்கன் கடைப் பெட்டி. சிப்ஸ் மட்டும்.

யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் வருமான எல்லை பார்க்காமல் 2026 செப்டம்பர் முதல் இலவசச் சாப்பாடு என்று அரசு 2025 ஜூனில் அறிவித்தது. அப்போது அவன் இயர் 8 போவான். போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்த அவன் அம்மாவிடம் அந்த அறிவிப்பை எடுத்துக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். பிறகு பள்ளி நாட்காட்டியைக் கேட்டு வாங்கி, விடுமுறை நாட்களைத் தள்ளிவிட்டு, ஜூலை வரை இன்னும் எத்தனை மதியம் பாக்கி என்று பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போனார்.